நூற்றுக்கு மேல் ஒன்று

சிவப்புக் கோடு மறைந்திருந்தது.

தவளை கையில் சாக்பொடியைத் தேய்த்தபடியே குழியின் விளிம்பில் நின்று இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் கோடியில், ஒரு படுக்கையறை அளவுக்குத் தோண்டி, நீலமும் மஞ்சளுமாக ஸ்பாஞ்சுக் கட்டிகளைக் கொட்டி நிரப்பிய குழி அது. புதுப் பல்டி பழகுகிறவர்கள் தலைகுப்புற விழுந்தாலும் கழுத்து ஒடியாமல் இருப்பதற்காக வைத்தது. குழியின் உள்சுவரில், விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, யாரோ என்றோ சிவப்புப் பெயின்டில் கோடு இழுத்திருந்தார்கள். ஸ்பாஞ்ச் நாள்பட நாள்பட நசுங்கித் தூளாகிக் கீழே இறங்கும். போன வருடம் கோட்டுக்குக் கீழே இரண்டு சாண் சுவர் தெரிந்தது. இப்போது கோடே தெரியவில்லை. ஸ்பாஞ்ச் அதை விழுங்கிவிட்டு மேலே வந்திருந்தது.

"மாஸ்டர், குழியில புதுசா ஸ்பாஞ்ச் போட்டீங்களா?"

"எதுக்குப் போடணும்? இருக்கறதே போதுமே. நீ போய் உடம்பைச் சூடு பண்ணு."

யாராவது கொட்டியிருந்தால் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. காலையில் முதலில் வருகிறவளும் சாயங்காலம் கடைசியில் போகிறவளும் அவள்தான். வயது பதிமூன்று, பார்த்தால் பத்துக்கு மேல் மதிக்க முடியாது. நின்ற இடத்திலிருந்து எம்புவதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் வைத்த பெயர் தவளை. அது ஒட்டிக்கொண்டு, இப்போது அம்மாகூட எப்போதாவது வாய்தவறி அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கூடத்துக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது, கூரையோரம் நாலு வென்டிலேட்டர்கள் மட்டும். வியர்வையும் சாக்பொடியும் பழைய ரப்பரும் கலந்த வாசனை வருடக்கணக்காக வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கதவை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் நாற்காலிகளில் அம்மாக்கள். அங்கிருந்து எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது. தவளையின் அம்மா எப்போதும் முதல் நாற்காலி. மகளை அழைத்து வருவதற்காகவே வேலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டவள். மடியில் பையும் பைமேல் ஃபிளாஸ்க்குமாகக் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் கூடத்துக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, 'இன்னும் ஒண்ணு'. மாஸ்டர் இருபது சொன்னால் இருபத்தொன்று போட வேண்டும். அவர் கேட்கமாட்டார், தானாகப் போட வேண்டும். இதில் தவளையை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட எண்ணி முடித்துவிட்டு இன்னும் ஒரு தேய்ப்பு தேய்ப்பாள்.

இன்னொன்று குழி. எங்காவது வலிக்கிறது என்று யாராவது சொன்னால் மாஸ்டர் கோபித்துக்கொள்வதில்லை. "போய்க் குழியில போட்டுட்டு வா" என்பார். குழிக்குள் குதித்து, ஸ்பாஞ்சுக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்து, சத்தமாக நூறு வரை எண்ணிவிட்டு ஏறி வந்து, "போட்டுட்டேன் மாஸ்டர்" என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் அது விளையாட்டாக இருந்தது. விசித்திரம் என்னவென்றால், ஏறி வரும்போது உண்மையிலேயே வலி இருக்காது. மணிக்கட்டு, முழங்கால், குதிகால் என்று தவளை எத்தனையோ முறை அங்கே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். போட்டது எங்கே போகிறது என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தாள்.

நினைப்பு பிடிக்கவில்லை. ஓடப் போனாள்.

இரண்டாவது சுற்றிலேயே இடுப்புக்குச் சற்று மேலே முதுகு சுருக்கென்றது. நாலு மாதமாக மாஸ்டரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் வலி. முதலில் முதுகை வில்லாக வளைக்கும்போது மட்டும் வந்தது, பிறகு இறங்கி நிற்கும்போது, பிறகு தும்மினால்கூட. வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "எலும்புல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஆறு வாரம் எதுவும் கிடையாது, படுத்துக்க வேண்டியதுதான். இதோட குதிச்சா அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிடும்." சீட்டில் அதையே எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

அம்மா சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் பாதி தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "டீம் செலக்ஷனுக்கு இன்னும் மூணே வாரம்தாம்மா" என்றாள். "முடியட்டும். அதுக்கப்புறம் ஆறு மாசம்கூடப் படுத்துக்கோ. மாஸ்டர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்." சொல்லிவிட்டு மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சரியாக அந்த இடத்தில்.

நேற்று ராத்திரி தவளை சீட்டைத் திருடிவிட்டாள். இப்போது அது அவளுடைய தண்ணீர் பாட்டில் உறைக்குள் இருந்தது. இன்று மாஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மாவைத் தாண்டிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருத்தர்தான். எழுத்தில் இருப்பதைப் படித்தால் நிறுத்தாமல் இருக்கமாட்டார். வீட்டுக்குப் போகலாம், படுத்துக்கொள்ளலாம். படுத்துக்கொள்வதை நினைத்ததும் அழுகை வந்தது.

அப்போது ஊசி அக்கா வால்ட் மேசையைத் தாண்டிப் பறந்து இறங்கினாள். ஒல்லியாக, நிமிர்ந்து இருப்பதால் ஊசி. பதினாறு வயது. இரண்டு மாதம் முன்புவரை கணுக்கால் வலியென்று தினமும் குழிக்குப் போய்க்கொண்டிருந்தவள். இப்போது வலியென்ற பேச்சே கிடையாது. இறங்கியபோது வலது பாதம் உள்பக்கமாக மடிந்து, கணுக்காலின் வெளிப்புறம் மெத்தையில் பதிந்ததைத் தவளை பார்த்தாள். கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஊசி அக்கா மடிந்த பாதத்தின் மேலேயே நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் உயர்த்திச் சிரித்தாள்.

"அக்கா, உங்க கால்…"

ஊசி அக்கா குனிந்து பார்த்தாள். யாருடைய செருப்போ மாறி வந்துவிட்ட மாதிரி பார்த்தாள். பிறகு கையால் பாதத்தை நேராகத் திருப்பிவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றாள். குரலில் பொய் இல்லை. தவளை ஓரடி பின்வாங்கினாள்.

இதே அக்காதான் ஒருநாள் உடை மாற்றும் அறையில் அவள் கையைப் பிடித்து, காதோடு காதாகச் சொன்னாள். "குழிக்குள்ள எண்ணறப்ப நூறுல நிறுத்திடு. பழக்க தோஷத்துல கூட ஒண்ணு போட்டுடாதே, கேட்டியா?" ஏன் என்று கேட்டதற்கு, "நூறு ஆனதும் நாம எழுந்திருக்கணும். வேற ஒண்ணு எழுந்திருக்கக் கூடாது" என்றாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அக்காவுக்கு வலி இல்லாமல் போனது.

தவளை பாட்டில் உறையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாஸ்டர் முன்னால் நின்றாள். சீட்டை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு தலையைத் தூக்கிக் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். தவளையும் திரும்பினாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள். மாஸ்டர் கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்தாள், அவசரமாகக் கைப்பையைத் திறந்து துழாவினாள், மூடினாள். மகளை ஒரு கணம் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பிறகு மாஸ்டரைப் பார்த்து, சரியென்று மெல்லத் தலையாட்டினாள்.

மாஸ்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முட்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதாடா கண்ணு?"

"ஆமா மாஸ்டர்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல." அவள் தலையைக் கோதிவிட்டார். உண்மையான பரிவு. "போ. போய்க் குழியில போட்டுட்டு வா."

கதவு இருபது அடி தூரத்தில் இருந்தது. கதவுக்கு முன்னால் அம்மா. ஓடலாம், ஓடி எங்கே போவது, அந்த வீட்டுக்குத்தானே. ஐந்து வயதிலிருந்து 'போ' என்றால் போய்ப் பழகிய கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன.

விளிம்பில் நின்றாள். ஸ்பாஞ்ச் முன்னைவிட மேலே வந்திருந்தது, விளிம்புக்கு இன்னும் நாலு விரற்கடைதான். காலை நீட்டினாலே தொடலாம். குதித்தாள்.

கட்டிகள் விலகி இடம் கொடுத்து, அவள் உள்ளே போனதும் மேலே மூடிக்கொண்டன. எப்போதும் இடுப்பளவில் நின்றுவிட்டு, அவளாகப் புதைந்துகொண்டால் மட்டும் உள்ளே போகும் உடம்பு இந்த முறை நிற்காமல் இறங்கியது, மார்பு, கழுத்து, காது என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனது. கூடத்தின் சத்தங்கள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மங்கி, கடைசியில் அவளுடைய மூச்சு மட்டும் மிச்சமிருந்தது. பழைய வியர்வை நாற்றம். கை கால்களில் சுற்றும் டேப்பின் பசை நாற்றம். அதற்கும் அடியில், அழுது அழுது நனைந்த தலையணையின் உப்பு வாசனை. கட்டிகள் இளஞ்சூடாக இருந்தன.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

இருபதில் முதுகு லேசானது. நாற்பதில் இடது பக்கத்துக் கட்டி அசைந்தது. தான்தான் அசைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். ஐம்பத்தைந்தில் கணுக்காலை ஏதோ தொட்டது. டேப் சுற்றிய சொரசொரப்பு. தானாக அறுந்து விழுந்த டேப்பாக இருக்கும். குழி நிறைய அதுதானே கிடக்கிறது.

அறுபத்தெட்டில் அந்த டேப் அவள் கணுக்காலைப் பிடித்தது.

சின்ன விரல்கள். ஐந்து. அவள் வேகமாக எண்ணினாள். எழுபத்தொன்று எழுபத்திரண்டு. முழங்கையில் இன்னொரு கை. வயிற்றில் ஒன்று, மிகவும் சின்னது. யாரும் இழுக்கவில்லை. பிடித்துக்கொள்ள மட்டும் செய்தார்கள். கூட்டத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்கிற மாதிரி.

எண்பது. கத்த வாயைத் திறந்தால் ஸ்பாஞ்ச் நுழைந்தது. எண்பத்தைந்து. எண்ண மட்டும் முடிந்தது. தொண்ணூறு. வலி இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல. தொண்ணூற்றைந்து. நிறுத்திவிடு. நூறோடு நிறுத்திவிடு. தொண்ணூற்றெட்டு. நிறுத்திவிடு. தொண்ணூற்றொன்பது.

"நூறு."

வலி சுத்தமாகப் போய்விட்டது. பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. உடம்பு இறகு மாதிரி லேசாகி மேலே எழும்பத் தொடங்கியது. மேலே மஞ்சள் வெளிச்சம். தப்பித்தோம் என்ற நிம்மதியில் ஒரு மூச்சு விட்டாள். எட்டு வருடப் பழக்கம் அந்த மூச்சோடு வாயில் வந்தது.

"இன்னும் ஒண்ணு."

உடம்பு எழும்பிப் போய்விட்டது.

அவள் போகவில்லை.

கீழே கிடந்தாள். வலி மொத்தமும் திரும்ப வந்திருந்தது. முதுகு மட்டும் இல்லை. இத்தனை வருடம் போட்டுவிட்டுப் போன மணிக்கட்டு, முழங்கால், குதிகால், எல்லாம் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி வந்து சேர்ந்தன. கட்டிகளின் இடுக்கில் ஒரு துண்டு வெளிச்சம் தெரிந்தது. அதில் இரண்டு சின்னப் பாதங்கள் விளிம்பில் ஏறி நின்றன. கட்டைவிரலில் அவள் காலையில் சுற்றிய டேப். முதுகில் அவளுடைய பின்னல்.

"போட்டுட்டேன் மாஸ்டர்," என்றது அவளுடைய குரல்.

அம்மா, அது நான் இல்லை என்று கத்தினாள். ஸ்பாஞ்ச் அதைக் குடித்துவிட்டது. அந்தப் பாதங்கள் திரும்பின. கண்ணாடிக்குப் பின்னால் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னேன்ல," என்றது இருட்டில் ஒரு குரல். ஊசி அக்காவின் குரல், அழுது அழுது கட்டிப்போன குரல். "நூறுல நிறுத்துன்னு சொன்னேன்ல." பிறகு எல்லாக் கைகளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டன. அந்த நெருக்கலில் ஸ்பாஞ்ச் மேலே எழுந்தது, ஒரு விரற்கடை.

மேலே ஓடும் காலடிகள் கேட்டன. எம்பல். ஒரு நொடி மௌனம். மெத்தையில் தொம்மென்று இறங்கும் சத்தம். கீழே, அவளுடைய முதுகில், விரிசல் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"பிரமாதம்," என்றார் மாஸ்டர். "இருபது ஆச்சு. போதும், போய்த் தண்ணி குடி."

"பரவாயில்ல மாஸ்டர்," என்றது அவளுடைய குரல், சந்தோஷமாக. "இன்னும் ஒண்ணு."

காலடிகள் ஓடிவரத் தொடங்கின.