பதினாறு பொத்தான், பதினாறு கடிகாரம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இசைக்குழுத் தலைவருக்கு இசை தெரியாது. ஆனால் தலைவராக இருக்கத் தெரியும். சட்டையில் ஒரு பேட்ஜ், கழுத்தில் ஒரு விசில், கையில் எப்போதும் ஒரு பட்டியல்.

அன்றைய ஆண்டு விழா ஒத்திகையில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். டமாரத்தின் பெயர்.

டமாரத்துக்கு ஒன்பது வயது. எந்நேரமும் வாயாலேயே தாளம் போடுவதால் வந்த பட்டப்பெயர் அது. அவனுடைய விரல்கள் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் நடுங்கும். அவனிடம் பதினாறு பொத்தான் கொண்ட இசைப் பெட்டி ஒன்று இருந்தது. கணினியோடு இணைத்து அமுக்கினால், பொத்தானுக்கு ஒரு சத்தம் வரும். ஆனால் அவன் ஒரு தடவை அமுக்கினால் விரல் நடுங்கி, 'டும் டும் டும்' என்று மூன்று தடவை வரும். அவன் சொந்தமாகக் கட்டிய மெட்டு, தகர டப்பா படிக்கட்டில் உருண்ட மாதிரி கேட்டது.

"பெட்டி மேல தப்பில்லை, கைதான் தப்பு," என்றார் தலைவர். "நீ திரை இழு தம்பி. அதுவும் ஒரு கலைதான்."

டமாரம் தலை குனிந்தான். வாய்த்தாளம் நின்றுபோனது.

"பெட்டியை மாத்திட்டா, சார்?" என்று கேட்டாள் அவன் அக்கா.

"இசைக்கருவியை மாத்தறதா! என் இருபது வருஷக் கலைச்சேவையில..."

அந்த இருபது வருஷத்தைச் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது.

அக்காவுக்கு வயது பன்னிரண்டு. பட்டப்பெயர் திருகாணி. அந்த வீட்டில் அவள் கழற்றிப் பார்க்காதவை இரண்டுதான்: அப்பா, அம்மா.

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் தாராள மனசுக்காரர்கள். அதன் வரைபடத்தையும், உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லை இயக்கும் நிரலையும் இணையத்தில் போட்டுவைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம்.

அம்மா செல்போன் பழுது பார்ப்பவள்.

"அம்மா, சால்டரிங் அயர்ன் வேணும்."

"எடுத்துக்கோ. மேஜையில ஓட்டை விழுந்தா, அந்த ஓட்டை மேலதான் உனக்குச் சாப்பாடு."

சின்னப் பொத்தான்களை எடுத்துவிட்டு, பிஸ்கட் அகலத்தில் பதினாறு பொத்தான்களைப் பொருத்தினாள் திருகாணி. டமாரம் அளந்து போட்ட கோடுகளின்படி மெல்லிய பலகையில் புது மூடி அறுத்தாள். இப்போது விரல் பக்கத்துப் பொத்தானில் இடிக்கவில்லை. ஆனால் 'டும் டும் டும்' மட்டும் போகவில்லை.

அடுத்தது நிரல். ஒரு பொத்தானை அமுக்கியதும் பெட்டி ஒரு கணம் காதைப் பொத்திக்கொள்ளும். அதன் பிறகு வருவதைத்தான் அடுத்த அமுக்கலாக எண்ணும். டமாரத்தின் நடுக்கம் அந்தக் கணத்தைவிட நீளம். திருகாணி அந்த வரியைத் தேடிப் பிடித்து, கணத்தை நொடியில் ஐந்தில் ஒரு பங்காக நீட்டினாள்.

"அமுக்குடா!"

டும்.

ஒன்றே ஒன்று! திருகாணி கட்டில் மேல் ஏறிக் குதித்தாள். டமாரம் மெட்டு முழுவதையும் வாசித்துப் பார்த்தான். குதிக்கவில்லை.

"கடைசி வரி ஓட்டை ஓட்டையா இருக்குக்கா."

உண்மைதான். வேகமான இடத்தில் பாதிச் சத்தத்தைக் காணோம். கடைசி ஒத்திகைக்கு இரண்டே நாள். திருகாணி நிரலை வரிவரியாகப் படித்தாள். திடீரென்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

"ஒருத்தன் பேசினதுக்கு வகுப்பையே வெளிய நிக்க வெச்சிருக்கேன்டா! ஒரு பொத்தானை அமுக்கினா பதினாறும் காத்துக்கிட்டு நிக்குது!"

"அமுக்கினது மட்டும் நிக்கட்டும்," என்றான் டமாரம். "மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

பதினாறு பொத்தானுக்கும் நிரலில் தனித்தனியாக ஒரு காத்திருப்புக் கடிகாரம் எழுதினாள். இந்தத் தடவை டமாரமும் கட்டில் மேல் ஏறினான்.

கடைசி ஒத்திகையில், திரை இழுக்க வந்த அவன் பெட்டியை எடுத்து வாசித்து முடித்தபோது, மற்றப் பிள்ளைகள் நாற்காலியைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நான் அன்னைக்கே நினைச்சேன், கருவியைக் கொஞ்சம் கவனிக்கணும்னு," என்று பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதிக்கொண்டார்.

விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. டமாரத்தின் விரல்கள் வழக்கம்போல நடுங்கின. மெட்டு நடுங்கவில்லை. கடைசி வரி ஓட்டமாக ஓடி, ஒரு சத்தம்கூடத் தவறாமல் வந்து நின்றது. கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மடித்து வைத்திருந்த நான்கு பக்கத்தை விரித்தார்.

"இந்த வெற்றிக்கு முழுக் காரணம் யாரென்று கேட்டால்..."

"அக்கா," என்று கிசுகிசுத்தான் டமாரம். "இன்னொரு மெட்டு இருக்கு. இதைவிட வேகம். வாசிக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டும்! கூட்டம் மறுபடி கைத்தட்டத் தொடங்கியது. தலைவரின் உதடு மட்டும் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் அவர் காலும் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.