பல் டாக்டரின் டிக்கி

போன் அடித்தது.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த ஸ்பார்க் அக்கா நிமிர்ந்தாள். அவளுடைய போன் இல்லை. அது ஒர்க்‌ஷாப்பில் சார்ஜில் கிடக்கிறது.

பல் டாக்டரின் போனா?

அது அவர் கையிலேயே இருந்தது... சத்தமில்லாமல்!

"டாக்டர், உங்க கார் டிக்கியில போன் அடிக்குது."

"அது... பழைய போன். அடிச்சு ஓயட்டும். நீங்க வேலையைப் பாருங்க."

ஓய்ந்தது.

ஓய்ந்ததும் டிக்கிக்குள் யாரோ முனகினார்கள்!

ஸ்பார்க் அக்கா ஷட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவள் அவள். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு டாக்டரே வந்து கூப்பிட்டார். முப்பது வருஷத்துக் கார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிளினிக்குக் கீழே இருந்த கார் ஷெட்டுக்குள் அவள் நுழைந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். தூசி வருமாம். பூட்டுச் சாவி அவருடைய சட்டைப் பையில் போனது.

எங்கே போகிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் வந்தது எவ்வளவு முட்டாள்தனம்!

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"இக்னிஷன் ஒயரை யாரு டாக்டர் வெட்டி முறுக்கினது?"

"யாருமில்ல. எலியா இருக்கும்."

எலி கடிக்கும், சரி. கடித்த இடத்தில் புது டேப் சுற்றிவிட்டா போகும்?

அவளுக்கு முன்னால் ஒரு மெக்கானிக் இந்தக் காரில் கை வைத்திருக்கிறான். அவன் இப்போது எங்கே?

டிக்கி மறுபடி முனகியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டி கிளம்பாததால் அவன் உள்ளே போனான். அடுத்தது அவள்!

கார்க் கண்ணாடியில் டாக்டரின் உருவம் தெரிந்தது. ஒரு ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு டாக்டர் ஊசி?"

"ஒரு பேஷன்ட்டுக்கு. மருந்து இறங்குற நேரம்." டிக்கிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "வண்டி எப்பம்மா கிளம்பும்? இன்னிக்குள்ள கொண்டு போய்ச் சேர்த்தாகணும்."

"எதை?"

அவர் ஊசியைத் தட்டிக் காற்றை வெளியேற்றினார்.

கத்தலாமா? எத்தனை கத்தினாலும் ஒருத்தரும் வரமாட்டார்கள். பல் டாக்டர் கிளினிக்கில் தினமும்தான் யாராவது கத்துகிறார்கள்! தெருவுக்கே காது பழகிப்போன சத்தம்.

வேறு சத்தம் வேண்டும்...

"டாக்டர், ஸ்டியரிங்ல உக்காந்து சாவியைத் திருப்பிப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

உட்கார்ந்தார். திருப்பினார்.

டக்!

அவள் ஹார்ன் ஒயரை உருவி நேராக பேட்டரியில் வைத்தாள்.

ஹார்ன் அலறியது... நிற்காமல்!

"என்னம்மா பண்றீங்க? நிறுத்துங்க."

"ஒயர் ஒட்டிக்கிச்சு டாக்டர். வரமாட்டேங்குது."

ஆளைக் கொன்றால்கூடத் திரும்பிப் படுக்கிற தெரு. மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தால் சும்மா விடுமா? கொஞ்ச நேரத்தில் ஷட்டர் அதிர்ந்தது.

"யோவ், தெறக்கிறியா, உடைக்கவா?"

டாக்டர் விழித்தார். வேறு வழியில்லாமல் திறந்தார்.

லுங்கியும் நைட்டியுமாகத் தெருவே உள்ளே பாய்ந்தது. ஸ்பார்க் அக்கா ஒயரைப் பிடுங்கினாள்.

"டிக்கியில ஆளைக் கட்டிப் போட்டிருக்கார். தெறந்து பாருங்க."

திறந்தார்கள்.

கைகளில் பேண்டேஜ் கட்டு, வாய் நிறையப் பஞ்சு... உயிரோடு ஒருவன்!

எல்லாக் கண்ணும் டாக்டர் மேல் திரும்பியது. அவர் பானெட்டில் சாய்ந்து அழுதே விட்டார்.

"அவன் திருடன்ங்க. காலையில லாக்கை உடைச்சு, ஒயரை வெட்டிச் சேர்த்து, என் காரைத் தூக்கப் பார்த்தான். கிளம்பலை, மாட்டிக்கிட்டான். கத்தாம இருக்க வாயில மரத்துப்போற ஊசி போட்டுட்டேன். ஸ்டேஷன்ல கொண்டு போய் விடலாம்னா... வண்டி கிளம்பினாத்தானே?"

"போலீஸை இங்கேயே கூப்பிடறதுதானே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஜீப் வந்து வாசல்ல நின்னா அப்புறம் எவன் என்கிட்ட பல்லைக் காட்டுவான்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே டாக்டர். உயிரே போயிருச்சு எனக்கு."

"சொன்னா உள்ள வந்திருப்பீங்களாம்மா?"

வந்திருக்க மாட்டாள்தான். சங்கடத்தோடு குனிந்து அந்தத் திருடனின் வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"தண்ணி வேணுமா?"

அவன் தலையாட்டி மறுத்தான். மரத்த வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

"ஹார்ன் இந்தக் கத்து கத்துதுன்னா பேட்டரி நல்லாத்தான்க்கா இருக்கு. இன்ஜினை பாடியோட சேர்க்கிற எர்த் ஒயரைப் பாருங்க, கழண்டிருக்கும். இது எனக்குக் காலையிலயே தோணியிருந்தா... இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பேன்."