நடு சீட்

ஜன்னல் சீட் கணவருக்கு, நடைவழி சீட் தனக்கு, நடுவில் ஒன்று காலி. ஜோடியாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தந்திரம்தான். நடு சீட்டை யார் தேடி எடுக்கப் போகிறார்கள்? பதினான்கு மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு, புருஷனை முழுசாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். இவள் லேப்டாப்பில் சீட் பதிவு பட்டனை அழுத்தினாள். திரையில் பக்கம் திரும்ப வந்தபோது நடு சீட் சாம்பல் நிறமாகியிருந்தது. விமானத்தில் பாதிக்கு மேல் காலி. அதை மட்டும் யாரோ எடுத்திருந்தார்கள்.

"ஏங்க, நமக்கு நடுவுல யாரோ வந்துட்டாங்க."

கணவர் கூடத்து சோபாவிலிருந்து சிரித்தார். "அவளும் நடு சீட்தான் கேப்பா. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தான் தூக்கமே வரும் அவளுக்கு."

அவள் என்றால் முதல் மனைவி. செத்து நாலு வருஷம் ஆகிறது. இவளுக்குக் கல்யாணமாகி இரண்டு. இன்னும் இந்த வீட்டில் 'அவள்' என்ற சொல்லுக்கு ஒரே சொந்தக்காரிதான். செத்தவள்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரிந்தும் இவளுக்கு வயிறு எரிந்தது.

வரிசையை மாற்றினாள். முப்பத்தொன்று. மத்தியான வெயில் மேசைவரை வந்திருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகிவிட்டு நின்றது. எங்கிருந்தோ தைல வாசனை, இவள் வாங்காத தைலம், லேசாக வந்து மூக்கின் அருகிலேயே தங்கியது. நடு சீட் சாம்பலானது. முப்பத்தெட்டு. அதுவும் சாம்பல்.

வால் பக்கம் விமானம் குறுகுகிற இடத்தில் இரண்டிரண்டு சீட்டுகள்தான். நடு என்ற ஒன்றே கிடையாது.

"இப்ப எங்கடி உக்காருவ?" வாய்விட்டே கேட்டுவிட்டாள். அதில் ஒரு ஜோடி சீட்டைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

பக்கம் வந்தது. ஜன்னலில் கணவர் பெயர். பக்கத்தில் சாம்பல்.

தன் பெயரைத் தேடினாள். முன்வரிசையிலிருந்து தேடினாள். எங்கும் இல்லை.

"ஏங்க."



"ஏங்க!"

கூடத்துக்குப் போனாள். கணவர் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கன்னம் அமுங்கியிருந்தது. தோள் உயரத்தில், வெறும் காற்றின்மேல். தலை சரியவில்லை. நெற்றியில் விழுந்த முடி மெல்ல ஒதுங்கியது.

மறுபடி விழுந்தது.

மறுபடி ஒதுங்கியது.