தடமானிக்கு அகப்படாத பெண்

தடமானியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், துப்பறியும் வேலை கிடைத்துவிடும் என்ற காலம் அது. மனிதத் தோலிலிருந்து ஓயாமல் உதிரும் நுண்தூசு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் தொட்ட துணியைக் காட்டினால், சில மாதங்களாக அவர் போய்வந்த வழியெல்லாம் தடமானியின் திரையில் கோடாக ஓடும். வேதியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நிறைமதி, கோவையில் சகாயமேரி நடத்திய துப்பறியும் நிறுவனத்தில் அப்படித்தான் சேர்ந்தாள். பயிற்சி, தேர்வு, உரிமம் எல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்துவிட்டன.

அவளுடைய முதல் வழக்கைக் கொண்டுவந்தவர் வேலுமணி என்ற விவசாயி. நர்ஸாக இருந்த மகள் செந்தாமரை, வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது, பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்றார். மகளின் சேலையை நீட்டும்போது அழுதுவிட்டார்.

“ஒருக்கா கண்ணுல பாத்துட்டாப் போதும், கண்ணு.”

சேலையை வைத்துத் தேடியதில் திரையில் ஒரு கோடும் விழவில்லை. வழக்கை மூடிவிடச் சொன்னாள் சகாயமேரி. நிறைமதிக்கு மனம் வரவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் தூசு உதிராமலிருக்கக் கையில் தடவும் பூச்சு ஒன்று உண்டு. அதை ஒரு நர்ஸ் உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டால்? கருவியைப் பையில் வைத்துவிட்டு, செந்தாமரையுடன் படித்தவர்களைத் தேடிப்போய்ப் பேச ஆரம்பித்தாள். அம்மாவின் நிலையைக் கேட்டு அழுத ஒரு தோழி, தூத்துக்குடி என்று சொல்லிவிட்டாள்.

உப்பளங்களை ஒட்டிய தெருவில் கதவைத் திறந்த செந்தாமரைக்கு ஏழு மாதம். வந்த காரணத்தைச் சொன்னதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எங்கப்பா அழுதாருங்களா?”

அழுதார் என்றாள் நிறைமதி.

“எங்கக்காவையும் இப்பிடித்தான் அழுது கூட்டிட்டு வந்தாருங்க. வந்த மூணாம் நாளு, வயித்துவலியில செத்துப் போயிட்டான்னு எரிச்சுட்டாங்க.”

நிறைமதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று செந்தாமரையின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். வீடு மாற்றிக்கொள்ளச் சொன்னாள். பிரசவம் முடியட்டும், அப்புறம் போகிறோம் என்றாள் செந்தாமரை.

ஊர் திரும்பியவள் வேலுமணியின் வீட்டுக்கே போய், கண்டுபிடிக்க முடியவில்லை என்றாள். இந்த வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. குரல் பிசகாமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். அவர் கோபப்படவில்லை. சாப்பிட வைத்து, நீயும் என் மகள் மாதிரி என்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டுதான் அனுப்பினார். முதல் வழக்கிலேயே தோற்றவள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. செந்தாமரையின் கணவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்த பகலில் அந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டிருக்கிறது. தாயும் பிழைக்கவில்லை, வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை. வேலுமணி எங்கும் ஓடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

தூத்துக்குடி காவல்நிலையத்தில் நிறைமதி வாக்குமூலம் கொடுக்கப் போனபோது, பெஞ்சில் அவள் வயதுடைய ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் சுதர்சன், திருப்பூரில் வேறொரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவன், வேலுமணிக்குத் தடம் எடுத்துக் கொடுத்தது அவன்தான் என்றார் இன்ஸ்பெக்டர். கோடு பளிச்சென்று விழுந்ததாம். கோவையிலிருந்து தூத்துக்குடி, உப்பளத் தெரு, அந்த வீட்டு வாசல்.

நிறைமதிக்குப் புரியவில்லை. செந்தாமரைக்குத்தான் தடமே கிடையாதே என்றாள்.

அவள் குரல் கேட்டுச் சுதர்சன் தலை நிமிர்ந்தான். அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். எழுந்து நின்றான்.

“உங்க போட்டோவத்தாங்க அவரு காட்டுனாரு. ஒரு துண்டக் குடுத்து, சாப்பிட்டுக் கை தொடச்சுட்டுப் போன பொண்ணு வீடு திரும்பலைன்னு அழுதாரு” என்றான். “அவரு உங்க அப்பா இல்லைங்களா?”