தொண்ணூற்றெட்டு ராத்தல்

“ஏறி நில்லுங்க தங்கச்சி. செருப்போட நிண்டாலும் பரவாயில்ல. செருப்புக்கு நான் வேறயா டிக்கட் கேக்க மாட்டன்.”

கொழும்பு இரத்மலானை விமானத் திடலின் தகரக் கொட்டகையில், நிறுக்கும் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வில்பிரட் இப்படிச் சொன்னபோது காலை எட்டு மணி. அந்தத் தங்கச்சியைப்போல வில்பிரட்டுக்கும் ஊர் கல்முனைதான். ஊர்ப் பேச்சு காதில் விழுந்துவிட்டால் அவனுக்கு வாய் மூடாது. கல்லோயாவில் அணைக்கட்டு வேலை நடந்த காலம் அது. கொழும்பிலிருந்து அந்தப் பக்கம் பறந்த சின்ன விமானத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம். பெட்டியை நிறுப்பதுபோலவே ஆளையும் நிறுத்து எழுதுவார்கள்.

சரீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். முள் ஆடி நின்றது.

“தொண்ணூற்றெட்டு ராத்தல். என்ன முதலாளி, ஒரு கிழமை கொழும்புச் சாப்பாடு சாப்பிட்டும் ஒண்டும் ஒட்டல்லயே?”

“அவ எப்பயும் தொண்ணூற்றெட்டுத்தான்” என்றார் அவள் புருஷன் ஜெமீல். நெல் குத்தும் மில் வைத்திருப்பவர். ஆட்களை முகத்தைவிட நிறையால்தான் அதிகம் நினைவு வைத்திருப்பார். “முந்தின வருஷம் பெருநாளைக்கு மில்லில மூட்டை நிறுக்கிற தராசில ரெண்டு பேரையும் ஏத்திப் பாத்தன். இவ தொண்ணூற்றெட்டு. நாச்சியா நூற்றஞ்சு.”

இங்கேயும் நாச்சியா.

நாச்சியா சரீபாவின் ராத்தா. ஜெமீலின் முதல் பெண்சாதி. நெருப்புக் காய்ச்சலில் மௌத்தாகி அன்றோடு ஒரு வருஷம். ஊர் வழக்கப்படி வீடு மூத்த மகளுக்குக் கொடுத்தது. மூத்தவள் போனதும் வீடும், வீட்டுத் திறப்புச் சாவியும், மாப்பிள்ளையும் இளையவளுக்கு வந்துசேர்ந்தன. எல்லாம் வந்தன. அந்த மனுஷனின் வாய் மட்டும் வரவில்லை. காலிமுகத்தில் கடலைக் கண்டால், “நாச்சியா இதப் பாத்திருந்தா!” மிருகக்காட்சிச் சாலையில் யானையைக் கண்டால், “நாச்சியாக்கு யானை என்டா பயம்.” புடவைக் கடையில் சரீபா பச்சையைத் தொட்டால், “நாச்சியாக்கும் பச்சைதான் எடுப்பு.” விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன் என்று அவர் முதலில் வாக்குக் கொடுத்ததும் நாச்சியாவுக்குத்தான். அவள் ஏறவில்லை. கொழும்புக்கு வரும்போது அந்த ஆசனத்தில் இவள் இருந்துகொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் வருஷக் கத்தம். நாச்சியாவின் பேரில் ஓதி, ஊருக்குச் சோறு கொடுக்க வேண்டும். ஆடு கட்டியாயிற்று. ஓத லெவ்வைக்குச் சொல்லியாயிற்று. “நாங்க வந்துதான் வீட்டைத் திறக்கணும்” என்று ஜெமீல் மாமனார் காலிதீனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். திறப்பு சரீபாவின் இடுப்பில்.

உண்மையில் முதல் நாளே அவர்கள் பறந்திருக்க வேண்டியது. சரீபாதான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, “மண்டை உடையிது மச்சான், இண்டைக்கு ஏலா” என்று படுத்துவிட்டாள். மண்டைக்கு ஒன்றுமில்லை.

ஒன்பது மணிக்கு வில்பிரட் திரும்பி வந்தான்.

“கல்லோயாவில மழை கறுத்து மூடிக் கிடக்காம். இறங்க ஏலாதாம். எப்ப வெளிக்குமோ தெரியாது. எல்லாரும் இருங்க, தேத்தண்ணி வரும்.”

அணைக்கட்டு வேலைக்குப் போகும் நாலு பேர் கடதாசிச் சீட்டு விளையாட உட்கார்ந்தார்கள். ஜெமீல் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பதும், உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நடந்தார். சரீபாவுக்கு மட்டும் பசித்தது. இரண்டு பணிஸ் வாங்கித் தின்றாள். அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு ருசித்த சாப்பாடு அதுதான்.

பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. இரத்மலானையிலும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது.

சரீபா முக்காட்டுக்குள் வாயை வைத்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்: “பறக்காம இரி. ராத்தாட சோறு ஆறிப் போகட்டும்.”

தகரத்தில் மழை ஒரு கணம் நின்றது போலிருந்தது.

பிறகு அந்த வாசனை.

கற்பூரமும் பன்னீரும். கடை வாசனை அல்ல. மையித்தைக் குளிப்பாட்டக் கற்பூரத்தைத் தண்ணீரில் கரைக்கும்போது எழும்பும் வாசனை. போன வருஷம் ராத்தாவுக்கு அதைக் கரைத்தது சரீபாவின் கைதான்.

அவள் கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பணிஸ் வாசனைதான் இருந்தது.

“மகள், கொஞ்சம் அங்கால அரக்கி இருக்கச் சொல்லுங்களேன். நான் வாங்கின் விளிம்பில இருக்கன்.”

பக்கத்தில் லூர்தம்மா. கல்முனை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கிழவி. கண்ணில் வெள்ளை படர்ந்து, கொழும்பில் வெட்டி எடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். நாலு பேர் இருக்கும் மர வாங்கு. அதில் இருந்தது இவர்கள் இருவர்தான்.

“ஆரை அரக்கச் சொல்ல, டீச்சர்?”

“நடுவில இருக்கிற பிள்ளையை. எனக்கு இன்னும் முகம் தெரியாது, நிழல்தான் தெரியும். உங்கட அக்காவா? நல்லாக் கதைக்கிறா. நீங்க பணிஸ் வாங்கப் போன நேரம் என்னோட கதைச்சிக்கொண்டிருந்தா.”

சரீபா நடுவே கிடந்த வெறும் பலகையைப் பார்த்தாள்.

“என்ன... என்ன சொன்னா?”

“இண்டைக்கு வீட்டில சாப்பாடாம். தனக்காகத்தான் சமைக்கிறாங்களாம். தங்கச்சிக்குத்தான் விருப்பமில்லையாம்.” கிழவி சிரித்தாள். “அக்கா தங்கச்சிக்குள்ள இதெல்லாம் இருக்கிறதுதானே. என்ன மகள், கோவமா?”

சரீபா எழும்பப் பார்த்தாள்.

எழும்ப முடியவில்லை.

மடியில் ஒரு பாரம் இருந்தது. முதலில் நனைந்த போர்வை அளவு. பிறகு ஒரு பிள்ளை அளவு. பிறகு பிள்ளை வளர்ந்தது. தொடை எலும்பு வாங்கில் அழுந்தியது. குளிர்ந்த ஒரு கன்னம் அவள் கழுத்தோடு வந்து சாய்ந்தது. காதுக்குள் மூச்சில்லாமல் ஒரு குரல்.

“உம்மா இல்லாத உன்ன எத்தின வருஷம் இடுப்பில சுமந்தன், புள்ள. இண்டைக்கு ஒரு நாள் என்னச் சுமந்துட்டுப் போ.”

இரண்டு வயதில் தாயைப் பறிகொடுத்தவள் சரீபா. ஆறு வயது வரைக்கும் அவள் கால் மண்ணில் பட்டதில்லை. ராத்தாவின் இடது இடுப்புத்தான் அவளுக்கு ஊர். இது அவளுக்கும் நாச்சியாவுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு.

ஒரு மணிக்கு மழை விட்டது.

“எழும்புங்க, எழும்புங்க! கல்லோயா வெளிச்சிட்டாம்!” வில்பிரட் கையைத் தட்டினான். “ஒரு மருந்துப் பெட்டி அவசரமா ஏத்தச் சொல்றாங்க. எல்லாரையும் திரும்ப ஒருக்கா நிறுக்கணும்.”

சரீபா நடந்தாள். நாலு முழத் தூரம். நாலு மைல் கட்டை போலிருந்தது. பாரம் மடியிலிருந்து இடது இடுப்புக்கு மாறி, இரண்டு கால்களையும் சுற்றிப் போட்டுக்கொண்டது. மேடையில் ஏறினாள்.

முள் தொண்ணூற்றெட்டைத் தாண்டிப் போனது. நூற்றைம்பதைத் தாண்டியது. நின்றது.

வில்பிரட் குனிந்து பார்த்தான். சிரித்தான். “தங்கச்சி, எத்தின பணிஸ் சாப்பிட்டீங்க?” அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறினான். தராசு சரி. மறுபடி அவளை ஏற்றினான். சிரிப்பு நின்றுவிட்டது.

“இருநூற்றி மூண்டு.”

ஜெமீல் கிட்ட வந்தார். முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் கூட்டிப் பார்த்தது. தொண்ணூற்றெட்டும் நூற்றைந்தும்.

அவர் பயப்படவில்லை. சரீபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியும். அவர் சிரித்தார். கலியாணம் முடித்த நாலு மாதத்தில் அவர் அவளைப் பார்த்து ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை. இப்போதும் அவளைப் பார்த்து அல்ல. அவளது இடது தோளுக்கு ஒரு சாண் மேலே பார்த்து.

“சரிதான் தம்பி. அப்படியே எழுதுங்க.”

“என்ன சரி முதலாளி? தராசில பேய் பூந்திட்டுது. ஆனா விமானி தராசைத்தான் நம்புவார். நூற்றஞ்சு ராத்தல் கூட. எதையாவது இறக்கினாத்தான் ஏத்தலாம்.”

ஜெமீல் குனிந்து சரீபாவின் புதுப் பெட்டியைத் தூக்கி அப்பால் வைத்தார். பச்சைப் புடவை, வாசனைச் சவர்க்காரம், கண்ணாடிக் கோப்பைகள், கொழும்பில் அவளுக்கென்று அவர் வாங்கிக் கொடுத்த எல்லாம் அதற்குள். வில்பிரட் நிறை எழுதிய சீட்டைப் பார்த்தான். எழுபது ராத்தல். பிறகு திராட்சையும் பிஸ்கோத்துப் பெட்டிகளும் அடுக்கிய கூடை. முப்பத்தைந்து.

“கணக்குச் சரி” என்றான் வில்பிரட், தன் குரல் தனக்கே பிடிக்காதவன் போல.

“மச்சான், என்ட சாமான்!” என்றாள் சரீபா.

“அது நாளைக்கு மறுநாள் வரும் புள்ள. இவக்கு இண்டைக்குத்தானே சாப்பாடு.”

விமானத்தில் யன்னலுக்கு வெளியே உள்ளதை அவர் அவளுக்குக் காட்டவில்லை. இடையில் இருந்த நடைவழியைத் தாண்டி, அவள் இடது இடுப்புப் பக்கமாகக் குனிந்து, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். “அந்தா மலை. அந்தா குளம். மேகம் காலுக்குக் கீழ போறதப் பாத்தயா? சொன்னன்தானே, ஒரு நாளைக்கு ஏத்துறன் என்டு.”

சரீபா கண்ணை மூடிக்கொண்டாள். பாரத்தைவிட அந்தப் பேச்சுத்தான் தாங்க முடியாமலிருந்தது.

கல்லோயாவிலிருந்து கார் பிடித்தார்கள். சம்மாந்துறை வயல்கள் தாண்டும்போது சாரதி இப்றாஹிம் இரண்டு தரம் இறங்கிப் பின் சக்கரச் சில்லைப் பார்த்தான்.

“என்ன காக்கா, பின்னுக்கு நெல்லு மூட்டையா ஏத்தினீங்க? வண்டி ஒரு பக்கம் சாயிது.”

“பொம்புளைகள்தான் தம்பி, மெல்லமாப் போ” என்றார் ஜெமீல்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. அசர் போய், பொழுது சாயும் மஃரிபும் நெருங்கிவிட்டது. வெளியே மழைக்குத் தகரம் மறைத்துக் கிடாரத்தில் நெய்ச்சோறு; லெவ்வையும் ஓத வந்தவர்களும் பூட்டிய கதவுக்கு முன்னால்.

“வந்துட்டீங்களா! வா மகள்” என்று ஓடிவந்தார் காலிதீன். “எங்க திறப்பு? ஓத இன்னும் தொடங்கல்ல. கெதியாத் திற.”

அந்தக் கதவைப் பார்த்ததும் சரீபாவுக்குள் ஒன்று விறைத்துக்கொண்டது. இந்த வீடு என்னுடையது. இவர் என்னுடையவர். இன்றைக்குத் திறக்காவிட்டால் சோறு ஆறும், ஆட்கள் போவார்கள், ராத்தாவும் போவாள்.

“திறப்பு பெட்டிக்குள்ள வாப்பா. பெட்டி கொழும்பில நிண்டுட்டு.”

காலிதீன் தலையில் கைவைத்தார்.

சரீபாவின் கால் மணலுக்குள் இறங்கியது.

கடல் மணல் பரப்பிய முற்றம். விரல் மறைந்தது. கணுக்கால் மறைந்தது. முழங்கால் மடங்கியது. கழுத்தில் அந்தக் குளிர்ந்த கன்னம்.

“பொய் சொல்லாத, புள்ள. திறப்பு இடுப்பில இரிக்கி. நான் அதுக்கு மேலதான் இரிக்கன்.”

“ராத்தா, விடு” என்றாள்.

“ஆரோட கதைக்கா?” என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

எலும்பு முறியும் என்று தோன்றியபோது சரீபா இடுப்பிலிருந்து திறப்பை உருவினாள். ஊர் பார்த்தது. அவள் தவழ்ந்ததுபோல் படியேறிக் கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் பாரம் இறங்கியது. இடுப்பிலிருந்து ஒரு பிள்ளை வழுக்கி இறங்குமே, அப்படி.

உடம்பு பஞ்சாயிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அழுதாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

ஓதினார்கள். சகன் தட்டுகள் வைத்தார்கள், ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர். ஜெமீலின் சகனில் மட்டும் ஐந்து பேர். தன் இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, நல்ல இறைச்சித் துண்டுகளை எடுத்து அந்தப் பக்கமே ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். அன்று அந்தத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் பெட்டியும் கூடையும் வந்தன. சரீபா பச்சைப் புடவையை உடுத்திக்கொண்டு, சுபஹுத் தொழுகை முடிந்து வெளுத்ததும் முற்றம் கூட்ட இறங்கினாள். இரவு மழை பெய்த மணல். பள்ளிவாசலுக்குப் போய்வந்த புருஷனின் காலடி மட்டும் பதிந்திருந்தது.

போன அடி மெல்லிசு. வந்த அடியும் ஒரு ஆளுடையதுதான். ஆனால் பள்ளிவாசலுக்குப் போகும் பாதையில் நாச்சியாவை அடக்கிய மையவாடியைக் கடந்து வந்த அந்த அடி ஆழப் பதிந்து, அதில் மழைத் தண்ணீர் கிண்ணம்போல ஊறி நின்றது.

விளக்குமாற்றை வைத்துவிட்டுப் பார்த்தாள். ஜெமீல் வேலியோரம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“மச்சான்... பாரமா இல்லையா?”

அவர் மறைக்கவில்லை.

“நூற்றஞ்சு ராத்தல்தானே புள்ள. மூட்டை தூக்கின உடம்பு. பழகிட்டு.”

சரீபா மணலில் மண்டியிட்டாள். பச்சைப் புடவை நனைந்தது. இடது இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

“ராத்தா, அவர விட்டுட்டு என்னிட்ட வா. நான் சுமக்கன். எலும்பு முறிஞ்சாலும் சுமக்கன். வா ராத்தா.”

கற்பூர வாசனை ஒரு கணம் அவள் முகத்தருகே வந்து நின்றது. பிறகு விலகியது. உயரத்தில், அவரது தோளடியில், ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மெல்ல, விழுந்திடுவாய்” என்றார் ஜெமீல், சரீபாவிடம் அல்ல.

கிணற்றடிக்கு நடந்தார். ஒவ்வொரு அடியும் கணுக்கால் வரை புதைந்து புதைந்து எழும்பியது. வலது கை வாளியை எடுத்தது. இடது கை மட்டும், யாரையோ விழாமல் தாங்குவதுபோல, இடுப்போரம் வளைந்தே இருந்தது.