அளவுக்குக் கீழே ஒரு மூச்சு

இப்படிக் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கைவேலை இருந்தால் மடியில் வைத்துக்கொண்டே கேளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். பட்டப்பகலில் நடந்தது. அதனால் விளக்கைப் போடட்டுமா என்று யாரும் எழுந்திருக்க வேண்டாம், இதில் விளக்கு உதவாது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஒருத்தி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் கிடாரை வைத்துக்கொண்டு, வாசிக்காமல் சும்மா இருந்தாள். காதுக்குள் பிள்ளை தூங்குகிற மூச்சு கேட்டது. இழுக்கிறது, நிற்கிறது, விடுகிறது. மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய மூச்சுதான். அதைக் கேட்டபடியே அடுத்த பாட்டுக்குக் கம்பிகளைச் சுருதி சேர்த்தாள். நாலாவது கம்பியை முறுக்கும்போதுதான் உறைத்தது. பிள்ளையைத் தடுப்பூசி போட அதன் அப்பா தூக்கிக்கொண்டு போய் முக்கால் மணி நேரமாகிறது. வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

மூச்சு இழுத்தது, நின்றது, விட்டது.

அவள் வாசிப்பது ஹெவி மெட்டல் என்கிற கரடுமுரடான இசை. குழுவில் இருக்கிறவர்கள் அவளை 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி, ஆனால் உள்ளங்கையைக் கம்பிமேல் அமுக்கி வெட்டி வெட்டி அடித்தாள் என்றால் எதிரில் நிற்கிறவன் நெஞ்சுக்கூடு அதிரும். அப்படி அதிரவைக்க, கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் பெட்டி ஒன்றை இடுப்பு உயரத்துக்கு வைத்திருந்தாள். பிள்ளை பிறந்தது. அடுக்குமாடி வீடு, காகிதச் சுவர். ஆம்ப்பை விற்றுவிட்டு, பெடல் என்கிற, காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிகளை வைத்தே அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்துவிட்டாள்.

லேசுப்பட்ட காரியமில்லை. சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹெட்போனில் சொருகினால் தகர டப்பாவில் குளவியை அடைத்த மாதிரி இரையும். அதற்கு முன்னால் இன்னொரு பெடலை வைத்து அடிச்சத்தத்தின் கொழகொழப்பை வெட்ட வேண்டும். பின்னால், பெரிய ஸ்பீக்கர் பெட்டி மாதிரி நடிக்கிற ஒரு குட்டிப் பெட்டியை வைத்து, அந்தக் குளவியைச் சிங்கமாக்க வேண்டும். மூன்று மாதம் திருகித் திருகிச் சாதித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் அதைக் 'குளவிக்கூடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெடலுக்குப் பெரிய சத்தம், சின்னச் சத்தம் என்கிற பாகுபாடு கிடையாது. பெரியதைத் தலையில் தட்டி, சின்னதைக் கைகொடுத்துத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடும். அவள் கிடாரும் பழசு. கம்பிக்கு அடியில் சத்தம் பிடிக்கிற பிக்கப்பில் மெழுகு வற்றிப்போய், பக்கத்தில் யார் இருமினாலும் அதையும் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் கோளாறு என்று சரிபண்ணிவிடுவார்கள். அவள் வேண்டுமென்றே விட்டுவைத்தாள். ஜன்னலில்லாத ஸ்டோர் ரூம்தான் அவள் வாசிக்கிற இடம். சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு. பிள்ளை தூங்குகிற அறைப் பக்கம் மட்டும் ஒரு முழம் வெறும் சுவரை விட்டு, கிடாரின் உடம்பை அதில் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். பிள்ளை அந்தப் பக்கம் சிணுங்கினால் சுவர் வழியாகக் கிடாருக்கு வந்து, பெடல் வழியாகக் காதுக்கு வந்துவிடும். எந்தக் கடையிலும் கிடைக்காத ஏற்பாடு. பெற்றவள் கண்டுபிடித்தது.

அதில்தான் இப்போது ஆளில்லாத வீட்டின் மூச்சு கேட்டது.

குழுவில் டிரம்ஸ் அடிப்பவனைத் தகரம் என்பார்கள். அவனுக்கு ஃபோன் போட்டாள்.

"டேய் தகரம், பெடல்ல யாரோ மூச்சு விடறாங்கடா."

"ஆம்ப்ப வித்துட்டு டப்பாவுல மெட்டல் வாசிச்சா பேயும் ஓசில தான் வரும். அது கரன்ட் இரைச்சல், இடி. என்கிட்ட ஒரு நாய்ஸ் கேட் இருக்கு, கொண்டாந்து தரேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறு பாட்டுக்கும் நீ வாசிச்சுப் பதிவு பண்ணினது வேணும், ஞாபகம் இருக்கா? இல்லன்னா ஸ்டூடியோக்காரன் நம்ம சனிக்கிழமைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவான். பேய வச்சு சாக்கு சொல்லாத."

நாய்ஸ் கேட் என்பது சத்தத்துக்கு ஒரு வாசற்கதவு. ஒரு திருகி இருக்கும். இவ்வளவுக்கு மேலே இருக்கிற சத்தம் உள்ளே வரலாம், கீழே இருப்பது வரக்கூடாது என்று அதில் அளவு வைத்துவிடலாம். கதவு திறந்தால் பச்சை விளக்கு எரியும். மூடினால் அணைந்துவிடும். அளவுக்குக் கீழே இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். கேட்காது, அவ்வளவுதான்.

தகரம் கொண்டுவந்து கொடுத்ததை மாட்டி, அவள் கணக்காகத் திருகினாள். மூச்சு அடைபட வேண்டும், பிள்ளையின் அழுகை அடைபடக் கூடாது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஓர் இடத்தில் நிறுத்தினாள். மூச்சு நின்றது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் வாசிப்பை நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு உடனே அணையாமல், யாரோ கதவிடுக்கில் விரலை வைத்திருப்பது போல ஒரு நொடி தயங்கித்தான் அணைந்தது.

புதன்கிழமை மத்தியானம். ஐந்தாவது பாட்டு. பதினோரு தடவை பிசகி, பன்னிரண்டாவது தடவை எல்லாம் கூடிவருகிறது. கடைசி அரை நிமிஷம். அப்போது பார்த்துப் பிள்ளை அழுதது. காதுக்குள் அந்த அழுகை ரம்பம் போல அறுத்துக்கொண்டு வந்தது. கையை நிறுத்தினால் எல்லாம் போச்சு. நிறுத்தாமல், கிடார்மேல் குனிந்து, வாய்விட்டே சொன்னாள்.

"ஒரு நிமிஷம் கண்ணு, இதோ வந்துட்டேன்... ஐயோ, யாராச்சும் பிள்ளையக் கொஞ்சம் தூக்குங்களேன்."

அழுகை நின்றது.

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கிற மத்தியானங்களில் இதைச் சொல்லாத தாய் யார்? வெறும் வீட்டைப் பார்த்து, பாத்திரத்தைப் பார்த்து, நாம் எல்லோரும் சொன்னதுதான். அவள் பாட்டை முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. போர்வையை இரண்டு பக்கமும் அடியில் சொருகி, மடிப்புக் கலையாமல் போர்த்தியிருந்தது. அவள் அப்படிச் சொருகுகிறவள் இல்லை. காலையில் அவர் போர்த்தியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளையின் தலைமுடியில் மட்டும் பெடல் சூடானால் வருமே, அந்தப் பிளாஸ்டிக் வாடை.

வியாழக்கிழமை, கடைசிப் பாட்டு. வெட்டி வெட்டி நிறுத்துகிற பாட்டு அது. இரண்டு அடிக்கு நடுவில் சுத்தமான அமைதி வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி ரொம்ப நாளாகவே ஆட்டம். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிற லிஃப்ட்ல மாட்டினவனையெல்லாம் வெளிய எடுக்கறவன் நான். இது ஒரு வேலையா? ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்" என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு அடி, அமைதி. இரண்டு அடி, அமைதி. மூன்றாவது அமைதியில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் கை கம்பியில் இல்லை.

பிள்ளையின் அழுகை வந்தது. அதன்மேல், ரொம்பக் கிட்டத்தில், "ச்சு, ச்சு, ச்சு" என்று ஒரு சமாதானம். பிறகு முனகல். மெட்டு தெரிந்த மெட்டு. இப்போது அவள் வாசித்துக்கொண்டிருந்த அதே வெட்டுப் பாட்டை, இழுத்து இழுத்து, தாலாட்டாக ஆக்கி யாரோ முனகினார்கள். அழுகை தேய்ந்தது. நின்றது.

"ஒரு நிமிஷம் கண்ணு," என்றது குரல். "இதோ வந்துட்டேன்."

அது அவள் குரல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். பஞ்சு அடைத்த அறையின் அமைதி வந்து காதை மூடியது. ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்குப் பாய்ந்தாள். கைப்பிடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது, எதிலும் பிடிக்காமல். தோளால் இடித்தாள். கத்தினாள். அவள் கத்தலை மெத்தைப் பஞ்சு, தண்ணீரைக் குடிக்கிற மண் மாதிரிக் குடித்தது. ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. தன் சத்தம் வெளியே போகக் கூடாது என்று தன் கையாலேயே ஒட்டின பஞ்சு அது.

பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது. ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. வயிற்றைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. ஸ்பூன் கிண்ணத்தில் படுகிற சத்தம். "இன்னும் ஒரே ஒரு வாய். அம்மாவுக்காக."

"யாரு நீ?" கிடாரின் பிக்கப்பில் வாயை வைத்துக் கத்தினாள். "என் பிள்ளைய விடு!"

வெளிச் சத்தத்துக்கெல்லாம் எரிந்த பச்சை விளக்கு, அவள் சத்தத்துக்கு எரியவில்லை.

இன்னும் பலமாகக் கத்தினாள். விளக்கு எரியவில்லை. நேற்றுக் கிடார்மேல் குனிந்து சும்மா சொன்னதற்கே திறந்த கதவு. கம்பியை ஓங்கி அடித்தாள். விளக்கு லேசாக மின்னி அணைந்தது. மறுபடி அடித்தாள். முன்னைவிட மங்கலாக மின்னியது. கேட்டின் திருகியைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். விரல் அதைத் தொட்டது. திருகி அசையவில்லை. அவள் பலம் அதற்குப் போதவில்லை. ஒரு திருகிக்குப் போதவில்லை.

மூச்சு வாங்கியது. இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். அப்போதுதான் ஹெட்போனில் அதைக் கேட்டாள், ரொம்ப அடியில். திங்கட்கிழமை கேட்ட அதே மூச்சு.

எவ்வளவு நேரமோ. வாசல் பூட்டுத் திறக்கிற சத்தம் காதுக்குள் வந்தது. ஷூவைக் கழற்றுகிற சத்தம். அவர்தான். ஐந்து மணியாகிவிட்டதா?

"வந்துட்டீங்களா?" என்றது அவள் குரல் வெளியிலிருந்து. "இன்னிக்கு இவன் சமர்த்து. ஒரு சிணுங்கல் கிடையாது."

"அடேயப்பா, மழைதான் வரப்போவுது. பாட்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தகரத்துக்கு அனுப்பிட்டேன்."

"அப்புறம் உள்ள ஏதோ சத்தம் கேக்குதே. உன் குளவிக்கூடு இன்னும் இரையுது பாரு."

அவள் இருந்த பலம் எல்லாவற்றையும் திரட்டி ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தாள். விரல் கிழிந்தது.

"ஆமாங்க," என்றது குரல். "ஓயாம இரையும். இருங்க, அணைச்சிட்டு வரேன்."

காலடி. நடைக்கூடத்தில். கதவருகில்.

சுற்றிச் சுற்றிப் பிடிக்காத அந்தக் கைப்பிடி, ஒரே திருப்பில் பிடித்தது. கதவு திறந்தது.

இடுப்பில் பிள்ளையோடு அவள் வந்தாள். அதே கசங்கின சட்டை, அதே வியர்வை, இடது கை விரல்நுனிகளில் அதே காய்ப்பு. பின்னால் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வீட்டுக்காரர் உள்ளே எட்டிப்பார்த்தார். அவர் பார்வை ஸ்டூலைத் தாண்டி, கிடாரைத் தாண்டி, அவள் முகத்தையும் தாண்டிச் சுவருக்குப் போனது. "என்னங்க, இங்க இருக்கேன்!" என்று அலறினாள். அவர் கொட்டாவி விட்டார்.

"இந்தக் கைப்பிடிய ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்," என்றார்.

பிள்ளை மட்டும் பார்த்தது. அவள் இருந்த இடத்தைச் சரியாகப் பார்த்தது. அவள் கையை நீட்டினாள். பிள்ளையின் உதடு பிதுங்கியது. பயந்த முகத்தோடு திரும்பி, தூக்கி வைத்திருந்தவளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ச்சு, ச்சு. ஒண்ணுமில்ல கண்ணு. யாருமில்ல."

வந்தவள் குனிந்தாள். நாய்ஸ் கேட்டின் திருகியை இரண்டு விரலால் பிடித்து, நிதானமாக, கடைசி வரைக்கும் ஏற்றினாள்.

பச்சை விளக்கு ஒரு நொடி தயங்கியது. அணைந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், பொழுதாகிறது. போகிறபோது இந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் யார் எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் அடுத்த அறைக்குக் கேட்கட்டும். ஆட்டம் காண்கிற கைப்பிடியெல்லாம் அன்றைக்கே சரியாகட்டும். உங்கள் பிள்ளை அழுதால் உங்கள் கையே முதலில் போய்த் தூக்கட்டும். தூக்கினது நீங்கள்தான் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும்.