விதி ஐந்து

நிலுவைப் பெட்டியில் ஒரு மின்மடல் இருப்பதாக எண் காட்டியது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

ரியாசுதீன் மூன்று முறை திறந்து பார்த்துவிட்டார். உத்தமபாளையத்தில் சாயங்காலம் ஐந்து மணி. ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் நீண்டு கிடந்தது. வழக்கம்போல் கரண்ட் போய், கம்ப்யூட்டரும் இணையமும் யுபிஎஸ்ஸின் முனகலில் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி பாஜிலா, தன் அக்கா மகள் கல்யாணத்துக்குக் குமுளி போய் இரண்டு நாளாகிறது, திரும்ப இன்னும் நாலு நாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் மதியத்திலிருந்து மெல்லிய கற்பூர வாசனை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, மய்யித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டும் தண்ணீரில் கலப்பார்களே, அந்த வாசனை.

துபாய், ஜித்தா, சிங்கப்பூர் என்று சிதறிப்போன ஊர்க்காரர்கள் நானூறு பேர் பேசிக்கொள்ளும் மடற்குழுவுக்கு அவர்தான் மட்டுறுத்துநர். அவர் பார்த்து அனுமதித்தால்தான் ஒரு மடல் நிலுவைப் பெட்டியிலிருந்து மற்றவர்களுக்குப் போகும். எட்டு விதிகளும் அவர் எழுதியவை. ரிட்டயர்டு ஹெட்கிளார்க் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? சிங்கப்பூரிலிருந்து கூடமாட உதவும் விஜயகுமாருக்கே ஒருமுறை எச்சரிக்கை போயிருக்கிறது.

விதி ஐந்து: சொந்த விஷயங்கள் எழுதக் கூடாது.

மூன்று வாரம் முன்பு ஜித்தாவிலிருந்து நசீம் எழுதிய மடல் அந்த விதியில்தான் அடிபட்டது. 'எங்க அம்மா' என்று தொடங்கியதைப் பார்த்ததுமே நிராகரித்தார். நசீம் மறுநாளும் அனுப்பினான், அதற்கடுத்த நாளும் அனுப்பினான். மூன்றாவது மீறலுக்கு ஆளையே நீக்க வேண்டும், நீக்கினார். ஒன்றையும் முழுசாகப் படிக்கவில்லை. படித்திருந்தால், தனியாக இருக்கும் அம்மா மெஹராஜ் போனை எடுக்கவில்லை, ஊரில் வேறு யார் நம்பரும் தன்னிடம் இல்லை, யாராவது போய்க் கதவைத் தட்டுங்கள் என்று அவன் கெஞ்சியது தெரிந்திருக்கும். அந்தக் கதவு அடுத்த தெருவில் இருந்தது.

ஆறாம் நாள் தெருக்காரர்கள் உடைத்துத் திறந்தார்கள். பக்கவாதம். கதவுக்குப் பின்னாலேயே கிடந்தார். உயிர் போய் ஒரு நாள்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்தில், கை தட்டித் தட்டிப் பெயிண்ட் உரிந்திருந்தது. ரியாசுதீன் ஜனாஸாவுக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தார். வந்துதான் அந்த மடல்களை முழுசாகப் படித்தார். வெட்கத்தில் மடலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது பெட்டியில் மடல் தெரிந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை.

'யாராச்சும் கதவைத் தட்டுங்க.'

நிராகரித்தார். மறுபடி வந்தது. நிராகரித்தார். கையை எடுப்பதற்குள் வந்தது. விஜயகுமாருக்குப் போன் போட்டார்.

"பாய், நானே கூப்பிடணும்னு இருந்தேன். புதுசா ஒரு மட்டுறுத்துநரைச் சேர்த்திருக்கீக போல? ரெண்டு நாளா அவுகதான் எல்லா மடலையும் பாக்குறாக. விதியில உங்களையே தூக்கிச் சாப்பிட்டுருவாக!"

"நான் யாரையும் சேக்கலையேப்பா."

"பட்டியல்ல பேர் இருக்கே பாய்... இருங்க, பாத்துச் சொல்றேன்..."

தொடர்பு அறுந்தது. கற்பூரம் இப்போது மூக்கிலேயே ஏறியது.

டொக்.

வாசல் கதவு. தாழ்வாக, முழங்கால் உயரத்தில்.

டொக். டொக்.

எழுந்தார். இடது கால் வரவில்லை. தரைப்பக்கம் சாய்ந்தவர் நாற்காலியைப் பிடித்துத் தொங்கினார், போன் கட்டிலுக்கடியில் உருண்டது. இடது கை யாருடையதோ போல் கிடந்தது. கத்தினார். வாயோரம் எச்சில்தான் வழிந்தது. வலது கை மட்டும் மிச்சம். அது விசைப்பலகையை எட்டியது. ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார்.

'ரியாசுதீன். விழுந்துட்டேன். யாராச்சும் வந்து கதவைத் தட்டுங்க.'

பதில் உடனே வந்தது. அவரே எழுதி வைத்த வாசகம்.

'உங்கள் மடல் நிராகரிக்கப்பட்டது. விதி ஐந்து. இப்படிக்கு, மட்டுறுத்துநர் மெஹராஜ்.'

மறுபடி அனுப்பினார். நிராகரிக்கப்பட்டது.

மூன்றாவது முறை.

'நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.'

யுபிஎஸ் கீச்சிட்டு அடங்கியது. திரை இருண்டது. முனகல் நின்றதும் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெளிவாகக் கேட்டது. வெளியிலிருந்து வரவில்லை. மெல்லக் கழுத்தைத் திருப்பினார்.

கதவின் உள்பக்கம், கீழே, வெள்ளைத் துணிக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை. அவசரமே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. பாஜிலா வர இன்னும் நாலு நாள் இருந்தது.